நீலத்தின் அகலம்

வலியதுறைக் கப்பலாபீசுக்கு ஆலப்புழையிலிருந்து நீலச் சாயம் வந்திருக்கிறதாம். அந்த ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு யோசுவாவின் மனைவி ஞானபாய், மாதர் சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கபாய் டீச்சரின் காதில் இதைப் போட்டாளாம். தங்கபாய் டீச்சர் கரமனைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொர்ணம்மாளிடம் சொன்னாள். சொர்ணம்மாள் காய்கறிப் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கணவர் தாணுலிங்கம் பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

"கேட்டியளா, ஒங்க கப்பலுக்கு நீலச் சாயம் வந்திருக்காம். மூக்குப்பொடி டப்பா அளவுக்கு ஒரு டின்னு. ஞானபாய் அதைத் தொடவே மாட்டேன்னு நிக்காளாம். யோசுவா அலமாரியில வச்சுப் பூட்டியாச்சாம். சாயத்தை யாராவது பூட்டி வைப்பாவளா?"

சித்திரை விசுவன்று கனி காண்பதற்காக வாங்கியிருந்த வெள்ளரிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் கை நின்றது.

"எந்தக் கப்பலுக்காம்?"

"அதை அவ சொல்லல்லியே. நீலம்னா என்னவாம்?"

"என்னத்த? நீலம்னா நீலந்தான்."

சொர்ணம்மாள் பையைத் தரையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் ஒரு நிறத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்பார். கறுப்பு என்றால் எதன்மேல் பூசிய கறுப்பு, எத்தனை மழை கண்ட கறுப்பு என்பார். புடவைக் கடையில் அவரோடு போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. அந்த மனிதர் நீலம்னா நீலந்தான் என்கிறார்.

தாணுலிங்கம் பிள்ளை பூதப்பாண்டிக்காரர். பள்ளிக்கூடத்தில் தமிழும், நாகர்கோவிலில் இங்கிலீஷும் படித்து, 1912-இல் திருவனந்தபுரம் மராமத்து ஆபீசில் படம் நகலெடுக்கிற வேலைக்கு வந்தார். அங்கேயே டிராப்ட்ஸ்மேன் ஆனார். பாலம், மதகு, கச்சேரிக் கட்டடம் என்று வரைந்த கைதான். கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே ஒரு தடவை வள்ளத்தில் ஏறிக் கரை மறைவதற்குள் வாந்தியெடுத்துத் திரும்பியவர்.

கப்பல் உரு அவர் கைக்கு வந்தது தற்செயலாக. ஆலப்புழைக் கம்பெனி என்று எல்லோரும் சொல்லும் ஒரு வர்த்தகக் கம்பெனிக்கு மரக்கப்பல்கள் ஓடின. ஒவ்வொரு கப்பலுக்கும் அதே அச்சில், ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், இரண்டு சின்ன உருக்கள் செய்து வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஒன்று ஆலப்புழைத் தலைமை ஆபீசில், மற்றது வலியதுறைக் கிளையில், கண்ணாடிப் பெட்டிக்குள். வலியதுறை உருவுக்குச் சாயம் பூச ஆள் தேடியபோது யாரோ மராமத்து ஆபீஸ் பிள்ளையைக் கைகாட்டினார்கள். அவரும் லைப்ரரியில் ஒரு சீமைப் புஸ்தகத்தைப் பார்த்து, கப்பலின் வயிற்றுக்கு அழகான பச்சை பூசிக் கொடுத்தார். கப்பலை நடத்துகிற தண்டல் கரைக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ச் சந்தையில வாங்கினது?" என்று கேட்டானாம். ஆபீசே சிரித்தது. பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவர் பச்சையைத் தொடவில்லை. லீவு போட்டுவிட்டு ஆலப்புழைக்குப் போய்க் கரையேற்றிய கப்பலின் அடியில் குனிந்து நின்று பார்த்தார். தண்ணீருக்குக் கீழே இருக்கும் பலகைக்குச் சுண்ணாம்பும் தேங்காயெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். அது முதலில் பால்போல் இருந்து, ஒரு பயணம் போய்வந்தால் பழைய தந்தம்போல் ஆகிறது. தண்ணீருக்கு மேலே சுறாமீன் எண்ணெய். அது கறுப்புமில்லை, காப்பிக்கொட்டை நிறமுமில்லை. வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. நடுவே கப்பலைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. இதையெல்லாம் கடையில் விற்கிற டப்பாவில் வாங்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

சைவ வீட்டில் சுறாமீன் எண்ணெய் வந்து ஏறிய கதை தனி. சொர்ணம்மாள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. கடைசியில் எண்ணெய்க் குப்பி மாட்டுத்தொழுவத்துக்குப் போயிற்று. பூசி முடித்தால் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று தீர்ப்பாயிற்று. யோசுவாவுக்கு இது பெரிய விருந்து.

"மீன் திங்குற நாங்க பவுடர் போட்டு நடக்கோம். மீன் திங்காத ஆளு மீனெண்ணெயில குளிக்கேரு. கலிகாலம் வேய், கலிகாலம்."

"ஒமக்கென்னவே தெரியும். வெள்ளைன்னு சுவத்துக்கு அடிக்கது போலயா?"

"ஒரு முழக் கப்பலுக்கு வெள்ளை பூச மூணு ஞாயிற்றுக்கிழமை! எங்க சபைக் கட்டடம் முழுசுக்குமே ரெண்டு நாளுதான் ஆச்சு கேட்டீரா."

"அதான் ஒரே மழையில இளிச்சுக்கிட்டு நிக்கி."

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. கப்பல் கரையேறிப் புதுச்சாயம் பூசும்போதெல்லாம் தண்டல் அதே சாயத்தில் தோய்த்த ஒரு மரச் சிராயைக் கவரில் போட்டு அனுப்புவான். பிள்ளை அதைச் சன்னலோரம் வைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, நாலு மணி வெளிச்சத்தில் ஒரு தடவை ஒப்பிட்டு, உருவையும் அதே நிறத்துக்குக் கொண்டுவருவார். கடலில் கப்பல் எப்படியோ, கண்ணாடிப் பெட்டியில் உரு அப்படி. அதில் ஒரு இம்மி பிசகக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வைராக்கியம்தான் அவரை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆலப்புழைக் கிடங்கில் கிடந்த மிகப் பழைய உரு ஒன்றைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தார்கள். அசல் நிறம் எதுவென்று தெரியாமல் அவர் பூச மாட்டார். நாவிதர் கத்தியை வாங்கி, விலாவில் ஒரு விரல் அகலத்துக்குச் சாயத்தைப் படிப்படியாகச் சுரண்டினார். வெள்ளை. கறுப்பு. மறுபடி வெள்ளை. அதன் கீழே ஒரு நூல் நீலம். தச்சர்கள் நூல் என்று சொல்கிற, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இன்னும் கீழே போனால், வெள்ளைப் பட்டை இருக்கவேண்டிய இடம் முழுக்க நீலம், நாலு நூல். எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீர்க் கோட்டிலிருந்து மேல் விளிம்பு வரை, இரண்டு பக்கமும் ஒரே நீலம்.

பிள்ளைக்கு அன்றைக்குக் கண்ணில் தூக்கமில்லை. சந்தோஷத்தால்தான். தலைமை ஆபீசுக்கு எழுதினார். அங்கே ஒரு பழைய குமாஸ்தா, தாத்தா காலத்துக் கடிதக் கட்டுகளை அவிழ்த்துப் பதில் எழுதினார். கப்பலைச் சேர்ந்த மாலுமி ஒருவன் இறந்தால் ஒரு நூல் நீலக்கோடு. தண்டல் இறந்தால் பட்டை முழுக்க நீலம். கப்பலே திரும்பவில்லை என்றால், சாயம் பூசக் கப்பல் இல்லையே, அதனால் உருவுக்கு முழுசும். துக்கம் கழிந்த பிறகு அதே மரத்தின்மேல் அடுத்த கப்பலின் நிறத்தைப் பூசிவிடுவார்கள்.

பிள்ளை இதை இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பக்கம் அழகாக எழுதி, நீலம் தோய்த்த சிராய்களையும் சேர்த்துப் புது முதலாளிக்கு அனுப்பினார். சீமையில் படித்த சின்ன வயசுக்காரர் அந்த முதலாளி. படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். இனி நம் கம்பெனியில் பழைய முறையே நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார். கூடவே, பிள்ளைக்கு ஏதாவது செய்யவேண்டுமே, என்ன வேண்டும் என்றும் கேட்டு எழுதினார்.

பிள்ளை தன் மகனுக்கு ஒரு வேலை கேட்டார்.

அழகியநம்பி ஒரே மகன். இண்டர்மீடியட்டில் இரண்டாம் தடவையும் தேறவில்லை. அப்பா பூசுகிற கப்பல்களைப் பார்த்தே வளர்ந்தவன். ஆபீசில் ஒரு மேசை கிடைக்கும் என்று பிள்ளை நினைத்திருக்க, அவன் கப்பலில்தான் போவேன் என்று நின்றான். 'கமலவாகினி'யில் சரக்கு எழுதுகிற கிராணியாகப் போனான். அவனையும் சேர்த்துப் பதினோரு பேர். பங்குனி நடுவில் கூரையோடும் கயிறும் ஏற்றிக்கொண்டு கப்பல் கொழும்புக்குப் பாய் விரித்தது. விசுக் கனிக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். அதற்கப்புறம் கடிதம் இல்லை. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று பேப்பரில் வந்தது. கடலில் என்ன நடந்தது என்று பேப்பரில் வரவில்லை. யுத்த காலத்தில் கப்பலைப் பற்றிக் கடிதத்திலும் தந்தியிலும் ஒரு சொல் எழுதக்கூடாது. எழுதினால் தணிக்கையில் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள்.

நிறத்தை யாரும் அடிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிள்ளையின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலயத்தையும் தூரிகைகளையும் பையில் எடுத்து வைத்தார். சொர்ணம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"நானும் வாரேன்."

"அங்க உனக்கு என்ன சோலி?"

"பன்னெண்டு வருசமா ஒங்களுக்கு அங்க என்ன சோலின்னு நான் கேட்டேனா?"

பஸ்ஸில் அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வலியதுறையில் கடல் வெறிச்சென்று கிடந்தது. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்தின் முகப்பில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். யுத்தம் வந்ததிலிருந்து கண்ணில் படுகிற நீராவிக் கப்பல்களெல்லாம் ஒரே சாம்பல் நிறம். அன்று அதுகூட இல்லை. ஆபீஸ் சன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது.

யோசுவா எப்போதும் நாலு கேலியோடு வரவேற்கிறவர். அன்று வாசல்படியை விட்டு நகரவில்லை.

"வாரும் பிள்ளைவாள். அக்காவும் வந்திருக்கியளா? இரியுங்க, இரியுங்க."

"எந்தக் கப்பலுக்குவே?"

யோசுவா சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது கேட்டீரா, சத்தியமாட்டு. சனியாழ்ச்சை டின்னு வந்துது. ஒரு சீட்டும் வந்துது."

"எந்தக் கப்பலுக்குன்னுதான் கேட்டேன்."

"கமலவாகினி."

பிள்ளை சீட்டை வாங்கி வாசித்தார். இரண்டே வரி. 'கமலவாகினி உருவுக்கு நீலம், பழைய முறைப்படி. அகலம் திங்கள் பகல் டெலிபோனில் சொல்லப்படும்.' சீட்டில் வேறொன்றுமில்லை. டெலிபோனிலும் அளவு மட்டும்தான் வரும். எக்ஸ்சேஞ்சில் யார் காதுகொடுத்துக் கேட்டாலும் அது பெயிண்டர்கள் பேச்சாகத்தான் இருக்கும். ஒரு நூல். நாலு நூல். முழுசும்.

யோசுவா அலமாரியைத் திறந்து டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிள்ளை மூடியை நெம்பினார். நிறம் சரியாக இருந்தது. அவர் அனுப்பிய சிராய்க்கு அப்படியே ஒப்பாக, அவுரியில் ஒரு துளி கரி சேர்ந்த நீலம். குற்றம் சொல்ல இடமில்லை.

ஆனால் டின் ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. உள்பக்கத்தில், சாயம் முதலில் எதுவரை நின்றதோ அங்கே ஒரு வளையம் காய்ந்திருந்தது. இப்போது அது வளையத்துக்குக் கீழே நின்றது. ஆலப்புழை உருவுக்கு அங்கே பூசியாயிற்று என்று அர்த்தம். பிள்ளை பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். அளக்கவேண்டியதில்லை. ஒரு நூல் கோடு போட்டால் தூரிகை நுனியில் தொட்டுக்கொள்கிற சாயம் போதும். டின்னில் குறைந்ததே தெரியாது. இங்கே குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

புதுத் தூரிகை நிறையக் குடிக்கும் என்று நினைத்துக்கொண்டார். கைப்பழக்கமில்லாதவன் சிந்தியிருப்பான். மூடி சரியாக இல்லாமல் வற்றியிருக்கும். ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். ஒன்றையும் அவர் நம்பவில்லை.

"எத்தனை மணிக்குப் போன் வரும்?"

"பகல்னுதான் எழுதியிருக்கு."

மணி பதினொன்றரை.

பிள்ளை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து உருவை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் இறக்கினார். இருபது அங்குல நீளம், மூன்று பாய்மரம். சொர்ணம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்தாள். இத்தனை வருஷம் அவள் வீட்டில் எண்ணெய் நாற்றமாக மட்டும் அறிந்த பொருளை அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"நம்பி எங்க படுப்பான்?"

பிள்ளை தூரிகைக் காம்பால் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்த அறைக்குப் பின்னால. இங்க ஒரு பலகை உண்டு. மழை அடிச்சா உள்ள வந்துக்கிடலாம்."

"இவ்வளவு எடந்தானா?"

"இதைவிடப் பெரிசுதான். கால் அங்குலம் ஓரடி."

அவள் விரலை நீட்டி அந்த இடத்தைத் தொட்டாள். யோசுவா எழுந்து மறுபடியும் வாசலுக்குப் போனார்.

"நீலம் எங்க பூசணும்?" என்றாள் அவள்.

பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கப்பல் விஷயத்தில் அவர் வாயில் பிசகு வராது. ஒரு நூல் என்றால் என்ன, நாலு நூல் என்றால் என்ன, முழுசும் என்றால் என்ன என்று, மேசையைப் பார்த்துக்கொண்டே, ஆபீசில் மேலதிகாரிக்குப் படம் விளக்குவதுபோல் சொல்லி முடித்தார். இந்தப் பழைய முறையைத் தோண்டியெடுத்தது தான்தான் என்பதையும் சொன்னார். சொன்ன பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நூலுன்னா ஒரு ஆளு. அது யாருன்னு கோட்டில தெரியுமா?"

"தெரியாது."

"தண்டலுக்குப் பிள்ளையுண்டா?"

"நாலு பெண்ணு. கடைசிப் பெண்ணுக்குப் போன ஆவணியிலதான் பேரு விட்டா."

"அப்போ எந்தக் கோட்டுக்கு நாம வேண்டிக்கிட?"

இரண்டு நாளாக அவர் மனசு ஒரு நூலுக்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. ஒரு நூல், பதினோரு பேரில் ஒருவன், அந்த ஒருவன் வேறு யாரோ. அந்த வேறு யாரோவுக்கும் கரையில் ஒரு வீடு இருக்கும், கனி வெள்ளரிக்காய் வாங்கி வைத்திருப்பார்கள். தெரிந்துதான் வேண்டிக்கொண்டார். அவள் கேட்ட பிறகு ஒரு நூலும் வாயில் வரமாட்டேன் என்றது.

பையிலிருந்து சுண்ணாம்புக் கலயத்தை எடுத்தார். எண்ணெய் விட்டு உள்ளங்கையில் வைத்துப் பிசைய ஆரம்பித்தார்.

"என்ன செய்யுதியோ?"

"பட்டை மங்கிக் கெடக்கு. மாசியில தண்டல் அனுப்பின சிராய் இதைவிட வெளுப்பு. சரியாக்கணும்லா."

வாசலில் நின்ற யோசுவா திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், கேலி ஒன்றும் வரவில்லை. "பூசும் வேய், பூசும்," என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை சிராயை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டையின் முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். வெள்ளை ஒரு நூல்கூட விலகாமல் ஓடியது. இன்றைக்குக் கரையேறி நிற்கிற கப்பலின் வெள்ளை. மழை காணாத, உப்புப் படாத வெள்ளை. நீல டின் மூடி திறந்தபடியே முழங்கையருகில் இருந்தது. சொர்ணம்மாள் அதை மெதுவாக மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தாள்.

வெள்ளை பின்பக்கத்தை எட்டும்போது சுவரில் டெலிபோன் மணி அடித்தது.

"பிள்ளைவாள், மணி அடிக்கு," என்றார் யோசுவா.

"ஆபீசு ஒம்மதுல்லா. நீரே எடும்."

"என்னால ஆவாது வேய். அளவு ஒமக்குள்ளதுல்லா."

மணி நின்று, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. சொர்ணம்மாள் டெலிபோனைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"கையெல்லாம் சுண்ணாம்பு," என்றார் தாணுலிங்கம் பிள்ளை. தூரிகையை மறுபடியும் வெள்ளையில் தோய்த்து, நம்பி படுக்கிற இடத்துக்கு நேர் கீழே, விட்ட இடத்திலிருந்து இழுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.